பச்சை ஏறாத கெணறு

அந்தக் கூஜாவ இங்கன வச்சிருங்க அண்ணாச்சி, புள்ளைக்குக் குடுக்காதீங்க. தாகம்னா அருவியில புடிச்சுக் குடுப்போம். லாட்ஜுக் கெணத்துத் தண்ணிதான? தெரியும், அதான் சொல்லுதேன். தோளக் குடுங்க, எண்ண வழியுது.

சர்டிபிகேட்டா? அது மானேசர் தலைக்கு மேல கண்ணாடி போட்டுத் தொங்குதுல்லா. குடிக்கத் தோதான தண்ணின்னு எழுதியிருக்கும். அம்பத்தெட்டாம் வருசத்துச் சாரல் சீசன்ல எழுதுனது, இப்பம் அஞ்சு வருசமாச்சு. எழுதும்போது நான் பக்கத்துலதான் கையக் கட்டிக்கிட்டு நிக்கேன். அப்பம் நான் சுகாதார ஆபீசுல பியூன். எண்ண தேய்க்க வந்ததெல்லாம் பெறவுதான்.

அந்த வருசம் லாட்ஜுல தங்குன ரெண்டு பேருக்கு வாந்திபேதி. கக்கூசுக் குழியும் கெணறும் பக்கம் பக்கமா இருக்கு, குழித்தண்ணி கெணத்துல எறங்குதோன்னு இன்ஸ்பெக்டர் மசூது சாருக்குச் சந்தேகம். மதுரையிலேருந்து ஒரு பொடி வரவழைச்சாரு. பாக்கச் செங்கப்பொடி கணக்காத்தான் இருக்கும். தண்ணியில விழுந்து வெயிலும் பட்டுச்சுன்னா அப்படியொரு பச்சை, உள்ளுக்குள்ள வெளக்கு வச்சாப்ல. ஒரு பொட்டலத்தக் குழியில போட்டுட்டு மூணு நா கெணத்தப் பாக்கணும். கெணறு பச்சையாச்சுன்னா வழி இருக்குன்னு அர்த்தம், மூடிரணும்.

மூணு நாளும் சாரு வாளி எறக்குனாரு. கிளாசுல ஊத்தி வெயில்ல தூக்கித் தூக்கிப் பாத்தாரு. ஒரு துளி பச்சை இல்ல. எழுதிக் குடுத்துட்டாரு. நல்ல மனுசன், பொய் எழுதுத ஆளில்ல.

பெறவு எதுக்குப் பயப்படுதேன்னா கேக்கிய? குனிங்க, முதுகக் காட்டுங்க.

என் மவ ஆவுடைத்தாய் அந்த லாட்ஜுலதான் பாத்திரம் தேய்ச்சா. பதினாலு வயசு. குடிக்கதும் அந்தத் தண்ணிதான். சாரு எழுதிக் குடுத்த மறுநா காலையில வயிறு போவுதுன்னா. மத்தியானம் தென்காசி ஆஸ்பத்திரிக்கு வண்டி கட்டுனோம். மேலகரம் தாண்டல.

இல்ல அண்ணாச்சி, அந்தப் பொடி பொய் சொல்லல. அது மேல பழியப் போடாதீங்க.

அவள எரிச்சுட்டுச் சித்தாத்துல எறங்குனேன். பை வச்ச இடுப்பு வாரக்கூடக் கழத்தத் தோணல, அப்படியே முங்கிட்டேன். எந்திச்சுப் பாக்கேன், என்னச் சுத்தி ஆறே பச்சையா எரியுது. நல்ல வெயிலு. கூட வந்தவனுவ கரையில நின்னு கையெடுத்துக் கும்புடுதானுவ. சொடலை கோயில் கொடைக்குக் காப்புக் கட்டியிருந்தவன்லா நான். என் புள்ளைக்காவச் சாமியே ஆத்துல எறங்கிட்டுன்னானுவ. கும்புட்டவனுவ முன்னால நான் என்னத்தச் சொல்ல? வேலைய எழுதிக் குடுத்துட்டு இங்கன வந்துட்டேன். சாரும் மாத்தலாகிப் போயிட்டாரு. இன்னைக்கும் சொல்லல. சாரலுக்குச் சாரல் அந்த லாட்ஜுல ஒண்ணு ரெண்டு பேருக்கு வரத்தான் செய்யுது. புள்ள குட்டியோட வாரவியள்ட்ட மட்டும் குடிக்காதீங்கன்னு சொல்லுவேன். ஏன்னு இதுவரை ஒருத்தரும் கேட்டதில்ல.

ஆமா, இடுப்பு வாருல இருந்த பொடிதான் ஆத்துல கரைஞ்சுது. அது அங்கன எப்படி வந்துச்சா?

மிச்சம் அண்ணாச்சி. சாரு கெணத்தடியில நின்னுக்கிட்டு, குழியில கொட்டிட்டு வாலேன்னு என்னைத்தான் அனுப்புனாரு. கையில காப்பு. காப்புக் கட்டுனவன் கக்கூசுக்குள்ள காலு வைப்பானா? பொறவாசல் ஓடையில பாதியத் தட்டிட்டு, போட்டாச்சு சார்னு வந்து நின்னேன். மீதியக் கொடை முடிஞ்சு குழியில போட்டுக்கிடலாம்னு வாருல சொருகி வச்சேன்.

ஓடை நெடுவ பச்சையா ஓடுச்சு. அழகா இருக்கேன்னு கொஞ்ச நேரம் நின்னு பாத்துட்டுத்தான் வந்தேன். ம், அந்தக் கூஜாவ இப்படித் தாங்க, கொட்டிருதேன்.