படிக்கட்டு வண்டி நகர்ந்த விதம்

என் பெயரும் தகப்பனார் பெயரும் வீட்டு முகவரியும் இந்த வாக்குமூலத்தின் மேல் தாளில் நான் சொல்லச் சொல்ல எழுதப்பட்டுள்ளன. வயது நாற்பத்தெட்டு. விமான நிலையத்தில் தரைப்பணி செய்யும் கம்பெனியில் ஷிஃப்ட் மேற்பார்வையாளராக இருக்கிறேன். விமானம் வந்து நின்றதும் படிக்கட்டு வைப்பது, பயணிகளை இறக்கிப் பஸ்ஸில் ஏற்றுவது, பெட்டிகளை எடுப்பது ஆகியவை எங்கள் வேலை. நிலையம் சிறியது என்பதால் இந்த வேலைக்கு எங்களைத் தவிர அங்கே வேறு கம்பெனி கிடையாது. இந்த வழக்கில் எதிரியாகக் காட்டப்பட்டிருப்பவர் என் மனைவி. எதிரி என்பது போலீஸ் பாஷை, வேறு அர்த்தம் இல்லை என்று விசாரணை அதிகாரி விளக்கியதால் அப்படியே எழுத ஒப்புக்கொண்டேன். அவர் ஒரு விமானக் கம்பெனிக்கு எங்கள் நிலையத்தில் மேலாளராக இருந்தார். அந்தக் கம்பெனி இப்போது இல்லை.

நாட்டில் வியாபாரம் படுத்துப்போய்த் தொழிற்சாலைகள் ஒவ்வொன்றாக மூடிய பிறகு விமானங்களில் கூட்டம் குறைந்தது. "இன்னைக்கு ஆளைவிடத் தலையணைதான் அதிகமா வந்திருக்கு" என்று எங்கள் ஆட்கள் கேலி பேசுவார்கள். போன மழைக்காலத்தில் வேறொரு விமானக் கம்பெனி கடையை மூடியது. எங்களுக்குச் சேர வேண்டியதைத் தராமலே போனது. அதன் பிறகு எங்கள் கம்பெனி ஆட்களில் பாதிப் பேரை வீட்டுக்கு அனுப்பியது. யாரை அனுப்புவது என்று என்னைத்தான் சொல்லச் சொன்னார்கள். சொன்னேன். அவர்களில் சிலர் தெருவில் என்னைக் கண்டால் எதிர்ப்பக்கம் போய்விடுகிறார்கள். சம்பவத்தன்று நான் மேலிடத்து உத்தரவுக்குக் கட்டுப்பட்டு நின்றதற்கு என் வேலையைப் பற்றிய பயம் மட்டும் காரணம் இல்லை என்பது பதிவாக வேண்டும் என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

சம்பவத்தன்று காலை நானும் என் மனைவியும் வழக்கம்போல் ஒரே பைக்கில் வேலைக்கு வந்தோம். வழியெல்லாம் சமையலறைக் குழாய் ஒழுகுவதைப் பற்றித்தான் பேசினோம். நானே சரி செய்கிறேன் என்றேன். அவர் சிரித்தார். வேறு எதுவும் பேசவில்லை. அவருடைய கம்பெனி அன்றைக்கே மூடப்படும் என்பது அவருக்கு முன்கூட்டியே தெரியும் என்று எங்கள் கம்பெனி கொடுத்த புகாரில் சொல்லியிருப்பது சரியல்ல.

அதன் பிறகு நடுப்பகல் வாக்கில் அவர் எனக்குப் போன் செய்து, "மூடிட்டாங்க" என்றார். "எதை?" என்று கேட்டேன். "எங்களைத்தான்" என்றார். நான் கவுன்ட்டர் பக்கம் போய்ப் பார்த்தபோது மாலை விமானத்துக்காக வந்திருந்த பயணிகளிடம் அவரே மைக்கில் அறிவித்துக்கொண்டிருந்தார். அவருக்குக் கீழே வேலை பார்த்த பெண்கள் பின்னால் சுவரோரம் நின்றார்கள். பயணி ஒருவர், அப்படியானால் அடுத்த விமானம் எப்போது என்று கேட்டார். "சார், விமானம் ரத்தாகல. கம்பெனியே ரத்தாயிடுச்சு" என்றார் என் மனைவி. அந்தப் பயணி அதையும் புரிந்துகொள்ளாமல், சரி, காத்திருக்கிறேன் என்று சொல்லி நாற்காலியில் போய் உட்கார்ந்தார்.

அந்தக் கம்பெனியின் விமானம் ஒன்று அப்போது வானில் எங்கள் நிலையத்தை நோக்கி வந்துகொண்டிருந்தது. அது கிளம்பும்போது கம்பெனி இருந்தது, இறங்கும்போது இல்லை. அது இறங்குவதற்குச் சற்று முன்னால் எங்கள் தலைமை அலுவலகத்திலிருந்து எனக்குப் போன் வந்தது. பேசியவர் எங்கள் பொது மேலாளர். "வர்ற விமானத்து மேல நம்மாளு ஒருத்தன் கைகூடப் படக்கூடாது. பட்டா நாம வேலை செஞ்சதா ஆயிடும். அப்புறம் அதுக்குப் பணத்தை யார்கிட்டப் போய்க் கேக்கறது, காத்துகிட்டயா?" என்று சொன்னார். உள்ளே பயணிகள் இருப்பார்களே என்று கேட்டேன். அது விமான நிலையத்தாரின் பொறுப்பு என்று சொல்லி போனை வைத்துவிட்டார். நான் விமான நிலையத்துப் பணி அதிகாரியைக் கேட்டேன். அவர், இது இரண்டு கம்பெனிகளுக்கு இடையிலான விஷயம், மேலே கேட்டுச் சொல்கிறேன் என்றார். அவர் மேலே கேட்டாரா என்பது எனக்குத் தெரியாது. எனக்கு ஒன்றும் சொல்லவில்லை.

அதன் பிறகு விமானம் இறங்கி, கட்டடத்திலிருந்து தள்ளி உள்ள கடைசி நிறுத்துமிடத்தில் போய் நின்றது. நல்ல வெயில். எங்கள் ஆட்கள் தகரக் கொட்டகை நிழலில் நின்று என் முகத்தைப் பார்த்தார்கள். யாரும் போகக் கூடாது என்று சொன்னேன். படிக்கட்டு வண்டி ஓட்டுபவரை நாங்கள் எல்லாரும் சித்தப்பா என்றுதான் கூப்பிடுவோம். அவர் ஓய்வு பெற ஒரு வருஷம்கூட இல்லை. அவர் கையுறையைக் கழற்றி மடித்துப் பையில் வைத்துக்கொண்டு வேறு பக்கம் திரும்பி நின்றார். கொஞ்ச நேரத்தில் விமானி தன் பக்கத்து ஜன்னலைத் திறந்து, மாடியிலிருந்து காய்கறி வண்டியைக் கூப்பிடுவதுபோல் கையை ஆட்டினார். எப்போதுமே ஏதாவது சொல்லிச் சிரிக்கும் எங்கள் ஆட்கள் அப்போது சிரிக்கவில்லை.

அதன் பிறகு என் மனைவி கொட்டகைக்கு வந்தார். அவரிடம் விமானியோடு பேசும் வாக்கிடாக்கி இருந்தது. உள்ளே குளிர்ந்த காற்று கொடுக்கும் வால் பக்கத்துச் சிறிய எஞ்சினுக்கு எரிபொருள் தீர்ந்துகொண்டிருக்கிறது என்றும், அது நின்றுவிட்டால் விமானி கதவைத் திறந்து, ஆட்கள் வழுக்கி இறங்கும் அவசரச் சறுக்கை விரித்துவிடப் போகிறார் என்றும், சிறுநீரக நோயாளி ஒருவர் தன் அக்காவோடு வந்திருக்கிறார், மதியமே ரத்தம் சுத்தம் செய்ய ஆஸ்பத்திரியில் இருந்திருக்க வேண்டியவர், அவரால் சறுக்கில் இறங்க முடியாது என்றும் சொன்னார்.

"படிக்கட்டு மட்டும் வையுங்க. பெட்டி, பஸ் எதுவும் வேண்டாம். நடந்தே வரட்டும்."

"மேலிடத்துல வேண்டாம்னுட்டாங்கம்மா."

"மேலிடமா அதுக்குள்ள உக்காந்திருக்கு?"

"இதுக்கும் நமக்கு ஒண்ணும் வராம போச்சுன்னா இதோ நிக்கறாங்களே, இவங்கள்லயும் பாதியை நான்தான் வீட்டுக்கு அனுப்பணும். உனக்குத் தெரியாதா?"

"தெரியும். அதான் உங்களைக் கத்தாம கேக்கறேன்."

ஆட்களில் ஒருவன், "அண்ணி சொல்றாங்கண்ணே, போகட்டுமா?" என்று கேட்டான். வாயை மூடு என்றேன். அவனைப் பெயர் சொல்லிக் குறிப்பிட விரும்பவில்லை.

அதன் பிறகு என் மனைவி நேராகப் படிக்கட்டு வண்டிக்குப் போய் ஏறி உட்கார்ந்தார். அவசரத்துக்கு எடுக்க வேண்டும் என்பதால் தளத்து வண்டிகளில் சாவி எப்போதும் அதிலேயே இருக்கும். எனவே சாவியைத் திருடினார் என்பதும் சரியல்ல. அவர் முதலில் எங்கள் கம்பெனியில்தான் வேலைக்குச் சேர்ந்தார், இதே வகை வண்டியை முறைப்படி பழகி ஓட்டியவர். எங்கள் அறிமுகமே அப்படித்தான். விமானக் கம்பெனிக்கு மாறிய பிறகு அவருடைய ஓட்டுநர் அனுமதி காலாவதி ஆகிவிட்டது என்பது உண்மை.

அவர் வண்டியைக் கிளப்பியதும் நான் ஓடிப்போய் முன்னால் நின்றேன். அவர் ஹாரன் அடிக்கவில்லை. தலையை வெளியே நீட்டி, மற்றவர்களுக்குக் கேட்காத குரலில், "நான் இடிக்க மாட்டேன்னு உங்களுக்கு நல்லாத் தெரியும். அதனாலதான் தைரியமா நிக்கறீங்க" என்றார்.

எவ்வளவு நேரம் அப்படி நின்றேன் என்று விசாரணை அதிகாரி கேட்டார். சொல்லத் தெரியவில்லை. அவர் சொன்னது சரி என்று தோன்றியது. என் மேல் வண்டி ஏறாது என்ற நிச்சயத்தில்தான் அங்கே நின்றுகொண்டிருந்தேன். பின்னால் விமானத்துக்குள் இருந்தவர்களுக்கு யாரைப் பற்றியும் எதைப் பற்றியும் அப்படி ஒரு நிச்சயம் இல்லை. தலைமை அலுவலகத்தின் உத்தரவு தப்பு என்று அப்போதும் நினைக்கவில்லை, இப்போதும் சொல்லவில்லை. அவர்கள் ஏற்கெனவே ஒருமுறை சூடு பட்டவர்கள். ஆனால் அந்த உத்தரவைப் போட்டவர் வெயிலில் நிற்கவில்லை, நான் நின்றேன். அதற்கு மேல் அதை விளக்க எனக்குத் தெரியவில்லை.

அதன் பிறகு நான் திரும்பி, இரண்டு கைகளையும் தூக்கி, முன்னால் வா என்று சைகை காட்டியபடி நடந்தேன். படிக்கட்டு வண்டியை விமானத்தோடு சேர்க்கும்போது ஓட்டுபவருக்குக் கதவுக்கும் படிக்கும் உள்ள இடைவெளி தெரியாது. தரையில் நிற்பவரின் கையைப் பார்த்துத்தான் ஓட்ட வேண்டும், அவர் கை நின்றால் நிறுத்த வேண்டும். என் மனைவி என் கையை மட்டும் பார்த்து ஓட்டினார். விமானத்தின் அருகே வந்தபோது நான் மேலே ஜன்னல்களைப் பார்த்தேன். ஒரு ஜன்னலில் நடுவயதுப் பெண் ஒருவர் யாருடைய நெற்றியையோ ஈரத் துணியால் துடைத்துக்கொண்டே கீழே என்னைப் பார்த்தார். அதனால் நிறுத்தும் சைகையைக் காட்டப் பிந்திவிட்டேன். அப்போதுதான் கதவுக்குக் கீழே படியின் விளிம்பு உரசி, ஒரு முழ நீளத்துக்குக் கீறல் விழுந்தது. அந்தச் சத்தம் எனக்கு இன்னும் பல்லில் கூசுகிறது.

படிக்கட்டு சேர்ந்ததும் நான் ஒன்றும் சொல்லாமலே எங்கள் ஆட்கள் கொட்டகையை விட்டு வந்துவிட்டார்கள். பஸ்ஸும் வந்தது. அவர்களை நான் கூப்பிடவும் இல்லை, தடுக்கவும் இல்லை. கதவு திறந்ததும் வாசலில் நின்ற விமானப் பணிப்பெண் முதலில் இறங்கியவரைப் பார்த்துக் கும்பிட்டு, "மறுபடியும் எங்களோட பறக்க வாங்க" என்று பழக்கத்தில் சொல்லிவிட்டுச் சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டார். நோயாளியைச் சித்தப்பா முதுகில் சுமந்து இறக்கினார். கையுறையை மறுபடி மாட்டியிருந்தார். நோயாளியின் அக்கா மறுநாள் என் மனைவிக்குப் போன் செய்து, தம்பி நலமாக இருக்கிறான், பெட்டிதான் இன்னும் வரவில்லை என்று சொன்னாராம். பெட்டிகளை யாரும் இறக்கவில்லை. விமானத்தை அந்தக் கம்பெனிக்கு வாடகைக்கு விட்டிருந்த சொந்தக்காரர்கள் அதைப் பூட்டி சீல் வைத்த பிறகு வெகு நாள் கழித்துத்தான் அவை கிடைத்தன. பயணிகள் திட்டியது நியாயம்தான்.

அதன் பிறகு விமானத்தின் சொந்தக்காரர்கள் கீறலுக்கு நஷ்டஈடு கேட்டதால் எங்கள் கம்பெனி வக்கீல் என்னைக் கூப்பிட்டு, எழுதி வைத்திருந்த புகார் ஒன்றைக் காட்டினார். நான் தடுத்தும் கேளாமல் என் மனைவி வண்டியைக் கடத்திக்கொண்டு போய் மோதிவிட்டார் என்று அதில் இருந்தது. நான் கையெழுத்துப் போட்டால் என் வேலை நிலைக்கும், கம்பெனியும் தப்பிக்கும் என்றார். "அவங்களுக்கு இனிமே போறதுக்கு என்ன இருக்கு? உங்களுக்காவது இருக்கட்டுமே" என்று அன்பாகத்தான் சொன்னார். யோசித்துச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன். என் கையெழுத்து இல்லாமலே கம்பெனி அந்தப் புகாரைக் கொடுத்திருக்கிறது என்பதை இங்கே வந்த பிறகுதான் அறிந்தேன்.

வக்கீல் சொன்னதை வீட்டில் சொன்னபோது என் மனைவி வேலை கேட்டு யாருக்கோ எழுதிக்கொண்டிருந்தார். நிமிராமலே, "போட்டுடுங்க" என்றார். "என் பேர்ல ஒரு கேஸ் இருந்தா என்ன, இல்லாட்டி என்ன. நம்மள்ல ஒருத்தர் சம்பளமாவது வரணும்ல. உங்க ஆளுங்களும் இருக்காங்க."

"நீ யார் கையைப் பாத்து ஓட்டினே?"

"உங்க கையைத்தான்."

"அப்புறம் என்ன?"

அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "அந்தக் கை கொஞ்சம் சீக்கிரமா நின்னிருந்தா இந்தப் பேச்சே வந்திருக்காது" என்று சொல்லிவிட்டு, சிரிப்பதா அழுவதா என்று தெரியாத ஒரு முகத்தோடு எழுந்து போய்ச் சோற்றுக்கு அரிசி களைந்தார்.

எதிரி என் அனுமதி இல்லாமல் வண்டியை எடுத்தாரா என்று விசாரணை அதிகாரி கேட்டதற்கு என் பதில்: என் அனுமதி இல்லாமல் வண்டியில் ஏறினார். என் அனுமதி இல்லாமல் வண்டி நகரவில்லை. சைகை காட்டி நடத்தப்படும் வண்டிக்குச் சைகை காட்டுபவரே பொறுப்பு என்பது எங்கள் வேலையின் விதி. புதிதாகச் சேருபவர்களுக்கு அதைச் சொல்லிக் கொடுப்பதே நான்தான். எனவே கீறலுக்குக் காரணம் நான். இதைச் சொல்வதால் எனக்கும் என் கீழ் வேலை செய்பவர்களுக்கும் என்ன நேரும் என்பது எனக்குத் தெரியும். அவர்கள் முகத்தை இனி எப்படிப் பார்ப்பேன் என்பது தெரியாது.

மேலே கண்டவை எனக்குப் படித்துக் காட்டப்பட்டன, நான் சொன்னபடியே இருக்கின்றன, அனைத்தும் உண்மை. இவற்றைச் சொல்லும்படி என்னை யாரும் மிரட்டவோ ஆசை காட்டவோ இல்லை. சொல்ல வேண்டாம் என்றுதான் இரண்டு பேர் கேட்டுக்கொண்டார்கள். அவர்களில் ஒருவர் வக்கீல், இன்னொருவர் வெளியே பெஞ்சில் எனக்காகக் காத்திருக்கிறார்.

(கையொப்பம்)