இறக்கைக்கு ஒரு ஊக்கு

அண்ணி: நிறுத்து, நிறுத்து! ஓரமா நிறுத்து தம்பி.

டிரைவர்: மறுபடியுமா அண்ணி? இது நாலாவது தடவை!

அண்ணி: பெல்ட் தளர்ந்திருக்கான்னு பாக்கணும். பின்னால இருக்கிறது வைக்கோல் இல்ல, கிளைடர்.

டிரைவர்: தெரியுமே, எஞ்சின் இல்லாத விமானம். ரெண்டு இறக்கையையும் கழட்டி, மெத்தை போட்டுப் படுக்க வெச்சு… எங்க அண்ணனைக்கூட நீங்க இப்படிப் போர்த்தி விட்டதில்ல.

அண்ணி: உங்க அண்ணனை நம்பிப் பத்துப் புள்ளைங்க பறக்கப் படிக்கல. அந்தப் பெல்ட்டை இழு… இன்னும் கொஞ்சம்… போதும்! நசுக்கிடாதே.

டிரைவர்: வண்டி ஓடுறப்பவே சைக்கிள்ல ஒரு பெரியவர் நம்மளை முந்திட்டுப் போறாரு.

அண்ணி: போகட்டும். அவருக்குப் பின்னால முப்பதடி ட்ரெய்லர் இல்ல. வளைவுல மெதுவா.

டிரைவர்: இதுக்கு மேல மெதுவான்னா இறங்கித் தள்ளணும்… அப்பாடா, மைதானம் வந்தாச்சு.

அண்ணி: சக்கரத்துக்குக் கட்டை வை. உடம்பை முதல்ல இறக்கலாம்… ம், மெல்ல… இப்ப இடது இறக்கை… மாட்டியாச்சு. வலதுக்கு நுனியைப் பிடி. ஒரு நூல் தூக்கு… ஒரு நூல்னு சொன்னேன், ஒரு முழம் இல்ல!

டிரைவர்: தோள் கழண்டுடும் போலிருக்கு. சுத்தியல் தரட்டுமா? ரெண்டு தட்டு தட்டினா…

அண்ணி: தட்டினா உன் தலையிலதான். இறக்கையை உடம்போட கோக்குற பெரிய பின் இது, தானா உள்ள போகணும். கொஞ்சம் இறக்கு… இன்னும்… ஆ! போயிடுச்சு. சேஃப்டி பின் எடு.

டிரைவர்: ஊக்கா? சட்டைக்குக் குத்துறதா?

அண்ணி: கிண்டலா? பெரிய பின் ஆகாயத்துல கழண்டு வராம பூட்டுறது. டப்பாவுல ரெண்டு வெச்சேன்… ஒண்ணுதான் இருக்கு!

டிரைவர்: ஐயையோ.

அண்ணி: என்ன, ஐயையோவை இவ்வளவு நிதானமா சொல்ற?

டிரைவர்: அதிர்ச்சியில… சத்தம் வரல.

அண்ணி: சீட்டுக்கு அடியில பாரு.

டிரைவர்: இல்ல.

அண்ணி: ட்ரெய்லர்ல?

டிரைவர்: இல்லவே இல்ல.

அண்ணி: புல்லுக்குள்ள?

டிரைவர்: அரை மணி நேரமா ரெண்டு பேரும் மாடு மேயுற மாதிரி மேஞ்சாச்சு அண்ணி. விடுங்க, இன்னைக்குப் பறக்க வேண்டாம்.

அண்ணி: லாரி பம்பரையே கயித்துல கட்டி ஓட்டுற ஆளு நீ. கம்பி வெச்சுக் கட்டலாம்னு ஏன் சொல்லல?

டிரைவர்: அது… இது ஆகாயமாச்சே…

அண்ணி: பாக்கெட்டைக் காட்டு.

டிரைவர்: எந்தப் பாக்கெட்…

அண்ணி: தம்பி.

டிரைவர்: …இந்தாங்க. டீ குடிக்க நிறுத்தினப்போ எடுத்தேன். போன வருஷம் இதை வேலியில இறக்கி, ஆறு மாசம் கையில கட்டோட இருந்தீங்க. ரிப்பேர் பண்ணி முதல் தடவை மேல போகுது, அதுக்கும் நீங்களே ஏறணுமா? வீட்டுல யாரும் தடுக்கல. எனக்குத்தான்… பயமா இருந்துச்சு.

அண்ணி: நீ எடுத்ததை வண்டிக் கண்ணாடியில பார்த்தேன். அது மட்டுமா, என் பையிலயே புதுசா ரெண்டு இருக்கு. அதை எடுக்காம அரை மணி நேரம் உன்கூட நானும் புல்லைக் கிளறினேனே, எதுக்குன்னு நினைக்கற? உனக்கு மட்டும்தான் பயமா? எனக்கும்தான்… சரி, நீ மாட்டு. நான் சரிபார்க்கறேன். அப்புறம்தான் ஏறுவேன்.