இரண்டு தட்டு

தினமும் காலையில் கைக்கு ஆட்டுக்கொழுப்புத் தடவிக்கொள்வது என் வழக்கம். இந்தச் சிறையில் அதைத் தரமாட்டேன் என்கிறார்கள். முதலில் அதை எழுதிக்கொள்ளுங்கள் ஐயா. மற்றதை நிதானமாகச் சொல்கிறேன்.

என் பெயர் ஆன்டன் ஹுடாக். ஹாலிவுட்டில் ஸ்டூடியோ தச்சன். கதவு, பூட்டு, புகை மூன்றும் என் பொறுப்பு. நிருபர் டில்லி கார்வர் படங்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். தொப்பியைச் சாய்த்து வைத்துக்கொண்டு, போலீசுக்கு முன்னால் கொலைகாரனைக் கண்டுபிடித்து, பத்திரிகை ஆபீசுக்கு டெலிபோனில் கத்துவாளே, அவள்தான். பதினெட்டு நாளில் ஒரு படம் முடிந்துவிடும். கொலைகாரன் யாரென்று கடைசி வரை தெரியக்கூடாது என்பதால் கறுப்புத் தோலுறை போட்ட கையை மட்டும் காட்டுவார்கள். அதற்காக ஒரு நடிகரை நிறுத்திவைப்பானேன் என்று டைரக்டர் புரூயிட் முதல் படத்திலேயே என்னைக் கூப்பிட்டார்.

"யோவ் ஆன்டன், உன் கை போதும்யா. பார்த்தாலே நாலு பேரைக் கொன்ன கை மாதிரிதான் இருக்கு."

ஏழு படங்களிலும் கொலைகாரனின் கை என்னுடையது. கடைசிக் காட்சியில் டில்லி அந்த உறையை உருவுவாள். அங்கே மட்டும் நடிகரின் கை.

டில்லியாக நடித்தவள் ஓப்பல் ரெனிக். படத்துக்கு ஒரு தடவை அவளை எதிலாவது போட்டுப் பூட்டுவேன். உள்ளே கத்துவாள், இடிப்பாள். நடிப்பா நிஜமா என்று வெளியே நிற்பவனுக்குத் தெரியாது. முதல் படத்தில் துணிப்பெட்டிக்குள் நிஜமாகவே மூச்சு முட்டிவிட்டது. அன்றைக்கு ஒரு வழி சொல்லிக்கொடுத்தேன். நான் பென்சில்வேனியா நிலக்கரிச் சுரங்கத்தில் வளர்ந்தவன். அங்கே மண் சரிந்து உள்ளே மாட்டிக்கொண்டவன் குழாயில் இரண்டு தட்டு தட்டுவான். நிறுத்தி, மறுபடி இரண்டு. கேட்டவன் கையிலிருப்பதைப் போட்டுவிட்டு ஓடவேண்டும். அதற்கு மேல் அங்கே சட்டம் கிடையாது.

"மோதிரத்தால தட்டு. டைரக்டர் என்ன சொன்னாலும் திறந்துடுவேன்" என்றேன்.

"திறக்காம விட்டியோ, பேயா வந்து உன் சுத்தியலை ஒளிச்சு வெப்பேன்" என்றாள்.

நான் ஒரு தடவையும் தவறவில்லை.

எட்டாவது படத்துக்கு லோயிஸ் டிபெட் வந்தாள். கான்சாஸ் பக்கத்துப் பெண், வயது இருபது. ஓப்பலே அவளை என் பட்டறைக்குக் கூட்டிவந்தாள்.

"இவதான்ப்பா இனிமே டில்லி. எனக்கு அந்தத் தொப்பியைப் பார்த்தாலே குமட்டுது. நானே கேட்டுத்தான் போறேன்."

ஸ்டூடியோக்காரர்கள் அப்படித்தான் சொல்லச் சொல்வார்கள். அவள் சிரித்துக்கொண்டே சொன்னாள். அவளைத் துரத்துகிறார்கள் என்று அதிலேயே எனக்குப் புரிந்துவிட்டது.

"ரெண்டு தட்டு தட்டினா திறந்துடுவீங்கல்ல, மிஸ்டர் ஹுடாக்?" என்று லோயிஸ் கேட்டாள்.

"மிஸ்டராம்! அடியே, இவனைக் கெடுத்துடாத" என்று சொல்லிவிட்டு, ஓப்பல் தன் மோதிரத்தைக் கழற்றி அவள் விரலில் போட்டாள்.

அந்த மோதிரத்தை அப்படிக் கொடுத்திருக்கக் கூடாது.

பத்திரிகை ஆபீசின் இருட்டறையில் கொலைகாரன் டில்லியைப் பூட்டிப் புகை விடுகிறான். இதுதான் காட்சி. அப்படிப்பட்ட கதவுக்கு மெல்லிய பலகை போதும். நான் இரண்டு அங்குல ஓக் பலகை போட்டேன். புகைச்சட்டி ஒன்று போதும். மூன்று வைத்தேன். தாழ்ப்பாளை முன்கூட்டியே கொஞ்சம் வளைத்தேன். மதியம் சாப்பாட்டில் அந்தப் பெண் பன்றிக்கறி வைத்த ரொட்டியில் பாதியைப் பிய்த்து எனக்குக் கொடுத்தாள். சாப்பிட்டேன். நன்றாகத்தான் இருந்தது.

கேமரா என் கைகளைப் படம்பிடித்துக்கொண்டிருந்தது. லோயிஸ் உள்ளே கத்தினாள், இடித்தாள். பிறகு இரண்டு தட்டு. நிறுத்தி, மறுபடி இரண்டு. அவசரப்படாமல், சொல்லிக்கொடுத்தபடியே தட்டினாள். நான் தாழ்ப்பாளை அழுத்திப் பிடித்திருந்தேன். ஒலிப்பதிவு நடப்பதால் யாரும் பேசவில்லை. புரூயிட் நிறுத்தச் சொன்னபோது உள்ளே சத்தம் நின்று வெகுநேரமாகியிருந்தது.

"இவளுக்கு நடிக்க வராதுன்னு எவன்யா சொன்னான்?" என்றார்.

தாழ்ப்பாள் மாட்டிக்கொண்டது என்றேன். கோடரி கொண்டுவந்து நானும் வெட்டினேன். ஓக் லேசில் உடையாது.

போலீஸ்காரர்கள் வந்து விபத்து என்று எழுதிக்கொண்டு போனார்கள். நான் நினைத்தபடியே படத்தை முடிக்க ஓப்பலைக் கூப்பிட்டார்கள். வந்தாள். எடுத்தவரைக்கும் பார்க்கவேண்டும் என்றாள். ஸ்டூடியோவில் படம் போட்டுப் பார்க்கும் அறையில் அவளுக்குப் பின்வரிசையில் நான் உட்கார்ந்திருந்தேன். தட்டும் சத்தம் தெளிவாகப் பதிந்திருந்தது. கூட இருந்தவர்களுக்கு அதுவும் கதவு இடிக்கும் சத்தம்தான். ஓப்பல் மறுபடி போடச் சொன்னாள். மூன்றாம் தடவை என் கையை மட்டும் பார்த்தாள்.

"ஆன்டன், ரெண்டு தட்டு கேக்குது. உன் கை அசையவே இல்லையே."

அவள் எழுந்துபோய் டெலிபோனை எடுத்தாள். பேசும்போது, தொப்பி இருக்கிறமாதிரி தலை சாய்ந்திருந்தது. எனக்கு நிம்மதியாக இருந்தது.

ஆமாம் ஐயா, தெரிந்தேதான் கொன்றேன். இந்த அறைச் சுவரில் ஒரு தண்ணீர்க் குழாய் ஓடுகிறது. அதில் இரண்டு தட்டு கேட்கிறது. நிற்கிறது, மறுபடி இரண்டு. ஒவ்வொரு தடவையும் எழுந்து கதவு வரைக்கும் போய்விடுகிறேன். காவலரைக் கேட்டால் ஒன்றும் கேட்கவில்லை என்கிறார்.

படத்தையே நிறுத்திவிட்டார்கள், ஓப்பல் ரயிலேறி எங்கோ போய்விட்டாள் என்று சொல்கிறீர்கள். இருக்காது. என்னைக் கண்டுபிடித்தது அவள்தானே. இன்னும் கடைசிக் காட்சி பாக்கியிருக்கிறது. இந்தத் தடவை என் கையிலிருந்தே உறையை உருவ அவள் வருவாள். அதற்குத்தான் ஐயா, கைக்குக் கொஞ்சம் கொழுப்பு கேட்கிறேன்.