மயில் கழுத்துல ஒரு பொட்டு

கழுத்த லூசா விடுங்க சார். காதயா? சும்மாதான் மடக்கிப் பாத்தேன். கீழ ஒரு மச்சம் கெடக்கு, அதான். நல்ல மச்சம் சார். குப்புறப் படுத்துட்டுப் பேசாதீய, வாயில எண்ணெய் போயிரும். நான் பேசுதேன், நீங்க ம்னு மட்டும் சொல்லுங்க, போதும்.

ஐந்தருவில இன்னைக்குத் தண்ணி நல்லா விழுது. எண்ணெய் கால் மணி நேரம் ஊறட்டும், பொறவு போய் நில்லுங்க. இது எங்க வீட்டுத் தைலம் சார். எம் பொண்டாட்டி மாரித்தாய் காய்ச்சுதது. உள்ள என்ன போடுதான்னு எனக்கே சொல்ல மாட்டா. லேசுல போவாது. அருவில நின்னு சீயக்காய் போட்டுத் தேச்சாலும் மூணு நாளைக்கு நிக்கும். அதுலதான் சார் நான் மாட்டிக்கிட்டேன். இருங்க, மொதல்லேருந்து சொல்லுதேன்.

எம் மக சங்கரேஸ்வரி டாக்டருக்குப் படிக்கா. ஊசி போடுத டாக்டர் இல்ல சார், இது கலர் டாக்டர். டிவிக்கும் செல்போனுக்கும் கலர் வர வைக்குத படிப்பு. ஆனா சாயம் ஒரு சொட்டு கெடையாது. எல்லாம் அலுமினியம்! பாத்திரக்கடையில தொங்குதுல்லா, அதே அலுமினியந்தான். கண்ணாடித் துண்டு மேல அதக் கம்பு கம்பா நட்டு வச்சிருக்கா. கம்பு எம்புட்டுத் தடியா? ஒரு தலமயிர நீட்டவாக்குல எண்ணூறாக் கீறுனா அதுல ஒண்ணு. ஒங்க தலையில அதுக்கு வசதியில்ல, எந்தலையில உள்ளதுன்னு வச்சுக்கோங்க. நாத்து நடுத மாதிரிதான் சார். நெருக்கி நட்டா நீலம், தள்ளி நட்டா செவப்பு. வெளிச்சம் பட்டாப் போதும், கலர் தானா எந்திரிச்சு வருது. நம்ம செல்போன் வெயில்ல ஒண்ணுந் தெரியாமப் போவுதுல்லா, இது வெயில்லதான் முழிக்கும். பொறவு மேல பசை மாதிரி என்னத்தையோ ஊத்தி பேட்டரியக் குடுத்தா நட்ட கம்பு நட்டபடி நிக்க, கலர் மட்டும் மாறுமாம். அப்பிடி மாத்தி மாத்திப் படம் ஓட்டப்போறாளாம்.

என்ன சார்? தடியும் கணக்கா? ஆமா ஆமா, தடியும் ஒசரமுங்கூட கணக்குன்னுதான் அவளும் சொன்னா. ஒங்களுக்கு இம்புட்டு வெவரம் தெரியுது! சரி, தலையத் தூக்காதீய.

ஏ கொரங்கே, போ அங்கிட்டு! பாட்டில எடுக்க வந்துட்டு பாருங்க. அதுக்கும் முதுகுவலி போல.

போன ஆயுத பூசைக்கு அவ ஒரு கண்ணாடித் துண்டோட வீட்டுக்கு வந்தா. கட்டவெரல் நகம் அளவுதான் இருக்கும். அதுக்குள்ள ஒரு மயிலு. கழுத்து அப்பிடி ஒரு நீலம் சார், நான் வேல்கம்பு எங்கன்னு தேடிட்டேன். மாரித்தாய் விடுவாளா? அவுகவுக தொழில் சாமான அவுகவுக சாமி முன்னால வைக்கணும்னுட்டா. அவ அருவாமனைய வச்சா, நான் தைலப் பாட்டில வச்சேன், மக மயில வச்சா. சந்தனம், குங்குமம் வைக்குதது எப்பவும் நாந்தான். பாட்டிலுக்கு வச்சேன். அதே கட்டவெரலால மயில் கழுத்துலயும் ஒரு பொட்டு. வச்ச பொறவுதான் பக்குனு ஆயிட்டு, எம்புட்டுப் பெரிய படிப்பு, அதுல போய்ப் பொட்டு வச்சிட்டமேன்னு. யாரும் பாக்கதுக்குள்ள வேட்டித் தும்பால ஒத்தி எடுத்தேன். சந்தனம் போயிட்டு. குங்குமம் போயிட்டு. எண்ணெய் போவல. மயில் கழுத்து பச்சையாயிட்டு சார்!

மயில இருந்த எடத்துலயே வச்சிட்டு நகந்துட்டேன். மறுநாள் அவ பாத்தா. அழப்போறான்னு நெனச்சா, குதிக்கா! பேட்டரி இல்லாமலே நீலம் பச்சையாயிட்டாம், இது ஒலகத்துல எவனும் பாக்காததாம். யப்பா, எல்லாம் நம்ம ஊர் ஈரக்காத்துதான்னு சொல்லுதா. என் ரெண்டு கையையும் பிடிச்சுக்கிட்டுச் சுத்துதா. இந்தா, இந்த எண்ணெய்க் கையத்தான் சார்!

கார்த்திகை மழைக்குப் பன்னெண்டு துண்டோட வந்துட்டா. வத்தல் காயப்போடுத மாதிரி மொட்டமாடில பரத்தி வச்சு, குடையும் கையுமா மூணு நாள் காவல் இருந்தா. ஒண்ணாவது மாறணுமே? எல்லா மயிலும் நீலமா நின்னுச்சு. பிள்ளைக்கு மூஞ்சி சுண்டிப்போச்சு. சோறு எறங்கல. நாலாம் நாள் மத்தியானம் அவ குளிக்கப் போனா. நான் மாடிக்குப் போனேன். பன்னெண்டு மயிலு, பன்னெண்டு எண்ணெய்ப் பொட்டு.

சிரிக்கீய, முதுகு குலுங்குது. கோட்டித்தனந்தான், கிறுக்குத்தனந்தான், இல்லங்கல. ஆனா அவ டாக்டர் பட்டத்துக்கு எழுதுத புஸ்தகத்துல அத நாலாவது அத்தியாயமா எழுதிட்டா சார்! படம் போட்டு, கோடு போட்டு, குத்தாலத்து ஈரம்னு தலைப்பும் போட்டு. எட்டு மாசமா சொல்லிருவோம் சொல்லிருவோம்னு கிட்டப் போறேன். நான் வாயத் தொறக்கதுக்குள்ள அவ, யப்பா, நீ இந்த ஊர்ல பொறந்ததாலதான எனக்கு இது கெடச்சுதும்பா. அம்புட்டுதான், தைலப் பாட்டில எடுத்துட்டு அருவிக்குக் கெளம்பிருவேன். எனக்கு அசிங்கமா இருக்கு சார். அவ மானத்துல எண்ணெயத் தடவிட்டமேன்னு பயமாவும் இருக்கு.

சரி, இப்பக் கழுத்து. ரெண்டு பக்கமும் பிடிச்சிருக்கேன், அசையாதீய. நாளைக்கு அவளுக்கு வைவாப் பரிச்ச. வெளியூர்லருந்து பெரிய சார் ஒருத்தர் கேள்வி கேக்க வாராராம். மொத நாளே வந்து குத்தாலத்துல குளிச்சிட்டுத்தான் காலேசுக்குப் போவாராம். மக செல்போன்ல போட்டோ காமிச்சா. வழுக்கத் தல, வலது காதுக்குக் கீழ மச்சம். காலைலேருந்து ஏழு வழுக்கைக்கு எண்ணெய் தேச்சு, ஏழு காத மடக்கிப் பாத்துட்டேன். நீங்க எட்டாவது சார்.

மொத மூணு அத்தியாயமும் அவ கண்ணு எரிய எரிய உக்காந்து நட்டது. அதுல என்ன வேணா கேளுங்க, டாண் டாண்னு சொல்லுவா. நாலாவது மட்டும் நான் எழுதுனது. பெயிலு போடுததா இருந்தா எனக்குப் போட்டுருங்க.

ஏன் சார், கழுத்து இப்பிடி வெறைக்குது? லூசா விடுங்க, இன்னும் சொடக்கு எடுக்கல.