கிளிசரியா வேலிக்கு அந்தப் பக்கம்

வேலி போடக் கூப்பிடுகிறவர்களிடம் எதற்கு வேலி என்றுதான் முதலில் கேட்பேன், ஐயா. மாட்டுக்கு முள்ளுக்கம்பி நான்கு வரி போதும். கோழிக்கு வலைக்கம்பி. தெருவில் போகிறவன் எட்டிப் பார்க்கக் கூடாதென்றால் தகரம். எல்லை தெரிந்தால் போதுமா, கிளிசரியா கம்பை ஊன்றிவிட வேண்டியதுதான். வேர் பிடித்துத் தானாக வளரும். உயிர்வேலி என்போம்.

எனக்கும் சுரேந்திரனுக்கும் நடுவில் நிற்பது அதுதான். பதினெட்டு வருடத்துக்கு முன் அவன் கம்பைப் பிடிக்க, நான் மண்ணை மிதித்தேன். ஒரே ரப்பர் மலையில் பால் வெட்டுகிறவர்கள். என் மனைவி விஜயகலா செத்தபோது பாடையை முதலில் தூக்கியது அவன் தோள்.

போன மாதம் காணிக்கு உறுதிப் பத்திரம் கொடுக்க அரசாங்கத்திலிருந்து அளக்க வந்தார்கள். வேலிக்கு இந்தப் பக்கத்துத் துண்டை என் மகள் ஷாமிளா வீடு கட்ட வைத்திருந்தேன். எல்லை எது என்று கேட்டதும் சுரேந்திரன் முந்திக்கொண்டு சிங்களத்தில் சொன்னான். வேலி அவன் காணிக்குள் நிற்கிறதாம். மரவள்ளி போட்டுக்கொள்ள எனக்கு இரக்கப்பட்டு இடம் விட்டானாம்.

"என்னடா மச்சான் இப்படிச் சொல்ற?"

"எனக்கு ரெண்டு பயலுக இருக்கானுங்கடா. ஒனக்கு ஒரு புள்ளதானே, கட்டிக்கிட்டுப் போயிரும். கோவிக்காத."

எல்லைக்கல்லை என் வீட்டுக் குசினிச் சுவரோரம் நட்டார்கள். வீடு கிடையாது என்று தெரிந்ததும் ஷாமிளாவைப் பார்க்க வந்தவர்கள் மறுபடி வரவில்லை. அவள் மூன்று நாள் சாப்பிடவில்லை. நம்ப வைத்துக் கழுத்தை அறுத்தான், ஐயா. மரவள்ளியைப் பிடுங்கும்வரை வைத்துக்கொள் என்று பெரிய மனதும் பண்ணினான்.

பன்றித் தொல்லை உண்மைதான். மரவள்ளியைச் சுற்றிக் கரண்ட் கம்பி கட்டினேன். சட்டப்படி குற்றம், தெரியும். கட்டினால் லயத்து வரிசையில் வீடு வீடாகப் போய்ச் சொல்வது எங்கள் வழக்கம். ஒன்பது வீட்டிலும் சொன்னேன். அவன் வீட்டுக்கும் போனேன்.

"வெடிஞ்சதும் அணைச்சுருவேன் மச்சான். அதுக்குப் பொறவு வா."

"கோவம் போயிருச்சாடா?" என்று கேட்டான். கண் கலங்கியிருந்தது. தேத்தண்ணி தந்தான், குடித்தேன்.

மறுநாள் நன்றாக விடிந்தபின் பால் வாளியோடு வந்தான். மலைக்குக் குறுக்குவழி அந்த மரவள்ளிக்குள்தான். பனியில் புல் நனைந்திருந்தது. செருப்பில்லாமல் வேலியோரம் நின்று, "கம்பிய அணைச்சுட்டியா மச்சான்?" என்று கேட்டான்.

நான் வாசலில் நின்றேன். சுவிட்ச் கைக்கு எட்டும் தூரம். அவசரப்படவில்லை.

"அணைச்சாச்சு, வா" என்றேன்.

வாளி உருண்ட பிறகுதான் சுவிட்சைத் தொட்டேன். கொன்றவன் நான், எழுதிக்கொள்ளுங்கள். கையெழுத்துப் போடுகிறேன். துரோகம் என்று மட்டும் என் பெயருக்கு எதிரில் எழுதாதீர்கள், ஐயா. அதைச் செய்தவன் அவன்.