கொடியில் இரண்டாவது புடவை

எங்கள் லக்ஷ்மீபுரம் பங்களாவில் குழாய்த் தண்ணீர் நன்றாகத்தான் வரும். ஆனால் குழாய்க்குள் மாட்டுத் தோல் வாஷர் இருக்கிறதாம். அதனால் பெருமாள் தளிகைச் சமையலுக்கு நான் கிணற்று நீர்தான் எடுப்பேன். இன்ஸ்பெக்டரே, நீங்களும் எங்கள் மனுஷர். உங்கள் வீட்டிலும் அப்படித்தான் இருக்கும்.

அந்தக் கிணறு எங்களுக்கும் பக்கத்து வீட்டு வைதேஹிக்கும் பொது. எங்கள் வரிசையில் எல்லோருக்கும் வாசலில் ரோஜாச் செடி, உள்ளே ஒரு ரகசியம். எங்கள் ரகசியம், என் பெண் ஜயம்மாவின் காக்காய் வலிப்பு. போன தசராவில் கொலுவுக்கு வந்த வைதேஹி அதைப் பார்த்துவிட்டாள். யாரிடமும் சொல்வதில்லை என்று என் கையில் அடித்துச் சத்தியம் செய்தாள்.

இந்த மாதம் ஜயத்துக்கு மேல்கோட்டைப் பையன் ஒருவனோடு கல்யாணம் நிச்சயமாவதாக இருந்தது. திங்கட்கிழமை, வியாதிக்காரப் பெண் வேண்டாமென்று ஆள் அனுப்பிவிட்டார்கள்.

மறுநாள் காலை குளித்து, மடிப்புடவை உடுத்திக் கிணற்றடிக்குப் போனேன். வைதேஹி கிணற்றுச் சுவர்மேல் உட்கார்ந்து காப்பி குடித்துக்கொண்டிருந்தாள்.

"எரிச்சுடறாப்போலப் பாக்காதீங்கோ அக்கா. நான் வாயே திறக்கலை. ஒங்க ஜயமே பையனோட தமக்கைகிட்ட சொல்லிட்டாளாம்."

"அவளுக்கென்ன பைத்தியமா?"

"அவளுக்குப் புத்தி இருக்கு. ஒங்களுக்குத்தான் இல்லை. மறைச்சுக் கட்டிக்கொடுத்தா, அங்கே போய் ஏச்சு வாங்கறது யாரு, நீங்களா?"

சொல்லிவிட்டுச் சிரித்தாள். என் வீட்டுச் சுண்டலைத் தின்ற வாய். நான் குரலை உயர்த்தவில்லை. குடத்தைக் கீழே வைத்தேன். அவள் சிரித்து முடிக்கவில்லை.

கிணற்றுக்குள்ளேயிருந்து இரண்டு தடவை "அக்கா" என்றாள்.

கால் வழுக்கி விழுந்தாள் என்று எல்லோரிடமும் சொன்னேன். நம்பினார்கள். மடியாக இருக்கும்போது பெற்ற பெண்ணையே தொடாதவள் நான் என்பது தெருவுக்கே தெரியும். குளிக்காமல் காப்பி குடித்துக்கொண்டிருந்தவளையா தொடுவேன்?

நீங்கள்தான் கொல்லைக் கொடியைப் பார்த்தீர்கள். "ஏன் மாமி, ஒரே காலையிலே ரெண்டு மடிப்புடவை காயறது?" என்றீர்கள்.

அவளைத் தொட்டுவிட்டேனே. அந்தக் கையோடு பெருமாளுக்குத் தளிகை பண்ண முடியுமா? அதனால் உள்ளே போய்த் தலைக்கு ஊற்றிக்கொண்டேன். அந்தப் புடவையையும் பிழிந்து கொடியில் போட்டேன். வேறு மடி உடுத்தினேன். அதற்குப் பிறகுதான் தோட்டக்காரன் சித்தையனைக் கூப்பிட்டேன். அதற்குள் கிணற்றில் சத்தம் நின்றிருந்தது.

செய்தது நான்தான். என் பெண்ணின் வாழ்வைக் கெடுத்தவளைத்தான் தள்ளினேன்.

இப்போது ஜயம் உங்கள்முன் நின்று, பையன் வீட்டில் சொன்னது தான்தான் என்று அழுகிறாள். அதை எழுதிக்கொள்ளாதீர்கள். செத்தவளுக்கு நல்ல பெயர் வாங்கித்தரப் பார்க்கிறாள்.

பிறந்ததிலிருந்து ஒரு பொய் சொல்லாத பெண். இதுதான் முதல் தடவை.