பின்னால் உட்காருபவர் பேசக் கூடாது

தண்ணீருக்கு நன்றி ஐயா. வெதுவெதுப்பாக இருக்கிறது. விளையாடிப் பார்க்க வருகிறவர்களுக்கு நானும் இப்படித்தான் கொடுப்பேன். முதுகுக்கு ஒரு தலையணையும் வைப்பேன். வந்தவர் சிரமப்படக் கூடாது.

நான் தனியாளாக ஒரு கணினி விளையாட்டு செய்துகொண்டிருந்தேன். மூன்று மாடி கொண்ட இருண்ட வீடு, கையில் அணையப்போகும் விளக்கு. வெளியே போகும் வழியைக் கண்டுபிடிக்க வேண்டும். இந்த வேலையில் ஒரு விதி உண்டு. ஒருவர் விளையாடும்போது, செய்தவன் பின்னால் உட்கார்ந்து குறிப்பெடுக்க வேண்டும். வாய் திறக்கக் கூடாது, உதவவும் கூடாது. உதவிவிட்டால் குறை எங்கே என்று தெரியாமலே போய்விடும். அந்த விதியை நான் ஒருநாளும் மீறியதில்லை.

என் அக்காவின் கணவர்தான் எப்போதும் முதலில் விளையாடுவார். பேருந்து ஓட்டுநர், வாய்த்துடுக்கு அதிகம். மூச்சிளைப்பு நோய் இருந்ததால் இன்ஹேலர் இல்லாமல் எங்கும் போகமாட்டார். "அவர் கைக்கெட்டுற மாதிரி மேசைமேல வச்சிடுடா" என்று அக்கா ஒவ்வொரு முறையும் போனில் சொல்லுவாள். வைப்பேன்.

ஆட்டம் முடிந்ததும் கருத்துத் தாளை நீட்டுவேன். பத்துக்கு நான்குதான் போடுவார்.

"கோச்சுக்காத மாப்ள. பயமே வரல, கொட்டாவிதான் வருது."

"குறை எங்க மச்சான்?"

"உன் வீட்டுல குறையில்லடா. கதவு தொறந்திருக்கு, மருந்து பக்கத்துல இருக்கு, பின்னால நீ குத்துக்கல்லாட்டம் உக்காந்திருக்க. அப்புறம் பயம் எங்கிருந்து வரும்?"

எனக்குக் கோபம் வரவில்லை. குறை சொல்பவர் நமக்கு நல்லது செய்கிறார். தினமும் சாமி கும்பிடும்போது அவருக்கும் சேர்த்தே வேண்டிக்கொள்வேன். அவர் சொன்னதை அப்படியே எழுதிவைத்துக்கொண்டு சரிசெய்தேன்.

அடுத்த ஞாயிறு காலை வந்தார். ஹெட்போன் மாட்டியதும் கதவைப் பூட்டினேன். இன்ஹேலரை எடுத்து என் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். விளக்கை அணைத்துவிட்டு, நாற்காலியை மூலைக்கு நகர்த்தினேன்.

இரண்டாவது மாடியில் அவர் மூச்சு மாறியது. கை மேசையைத் தடவியது.

"மாப்ள, மருந்து எங்கடா?" கொஞ்சம் பொறுத்து, "விளையாடாதடா" என்றார்.

எழுந்து தடுமாறிக் கதவுவரை போனார். பிடியைத் திருகினார். அக்கா பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்.

எனக்கும் பயமாகத்தான் இருந்தது ஐயா. அந்தக் குறிப்புத் தாளைப் பாருங்கள், எழுத்தெல்லாம் கோணிப்போயிருக்கும். முதலில் நடிக்கிறார் என்று நினைத்தேன். நான்காவது நிமிடத்தில், நடிப்பில்லை என்று தெரிந்துவிட்டது. மொத்தம் பதினொரு நிமிடம். மீதி ஏழு நிமிடமும் எழுதிக்கொண்டுதான் இருந்தேன். என் நாற்காலியிலிருந்து அவர் மூன்று அடி தள்ளித்தான் கிடந்தார்.

பிறகு இன்ஹேலரை அவர் விரலருகே வைத்தேன். கைக்கெட்டுகிற மாதிரி. பூட்டைத் திறந்துவிட்டு அக்காவுக்குச் சொன்னேன். இளைப்பு முற்றிவிட்டது என்று எல்லோரும் அழுதார்கள், நானும் அழுதேன்.

கணினியின் மைக் ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. அவர் பட்ட சிரமம் வீணாகக் கூடாது என்று, பதிவான மூச்சை மூன்றாவது மாடிக் கதவுக்குப் பின்னால் வைத்தேன். அதன்பின் விளையாடியவர்கள் ஒன்பதும் பத்தும் போட்டார்கள். ஒருவர் பாதியிலேயே எழுந்து ஓடிவிட்டார்.

நேற்று அக்கா வந்தாள். "அவர் கடைசியா விளையாடினத நானும் ஒருதடவ பாக்கணும்டா" என்றாள். தலையணை வைத்தேன், வெந்நீர் கொடுத்தேன். கதவைப் பூட்டவில்லை, அவள்மேல் எனக்குப் பிரியம் அதிகம்.

மூன்றாவது மாடியில் அவள் கை நின்றது. திரும்பாமலே ஹெட்போனைக் கழற்றினாள்.

"இது அவர் மூச்சுடா. பன்னெண்டு வருசம் பக்கத்துல படுத்துக் கேட்டவ நான். இத பதிவு பண்ணறப்ப நீ எங்கடா இருந்த?"

ஆட்டம் இன்னும் முடியவில்லை, அதனால் நான் பேசவில்லை. அவள் வெளியே ஓடி உங்கள் ஸ்டேஷனுக்குப் போன் செய்யும்போது, தாளில் குறித்துக்கொண்டேன்: மூன்றாவது மாடியில் மூச்சுச் சத்தம் சற்று அதிகம், குறைக்க வேண்டும்.